கோட்டை கட்டப் போற மாப்பிள்ளைக்கு

வா மாப்பிள்ளை, வா. பசியாறிட்டியா? இல்லைன்னா உள்ளே போ, உங்க அத்தை இட்டலி வச்சிருக்கா. கோட்டை கட்டுற விஷயத்தை வெறும் வயித்தோட பேசக் கூடாது.

உங்க அம்மாதான் நேத்து ராத்திரி போன் பண்ணினா. "தம்பி, உன் மருமகன் பிரான்சுக்குப் போய்ட்டு வந்ததுலேர்ந்து ஒரு தினுசா இருக்கான், நீ கொஞ்சம் புத்தி சொல்லு"ன்னா. நான் என்னைக்குடா புத்தி சொல்லியிருக்கேன்? உன் ஆசைக்கு ஒத்தாசை பண்ணத்தான் கூப்பிட்டேன். அங்கே ஏதோ ஒரு குடும்பம் நானூறு வருஷமா கோட்டைக்குள்ளயே குடியிருக்காம். சுத்தி திராட்சைத் தோட்டம், சொந்தமா ஒயின். பெரியவர் ஒருத்தர் கழுத்துல பட்டுத் துணியைச் சுத்திக்கிட்டு வந்து உன் கையில கிளாஸைக் குடுத்து, தன் பாட்டன் பூட்டன் படத்தையெல்லாம் காட்டினாராம். அந்த மயக்கம் உனக்கு சிங்கப்பூர்ல வந்து இறங்கியும் தெளியல. இப்ப நம்ம அஞ்சு ஏக்கர் செம்பனையைச் சாய்ச்சுட்டு, கோபுரம் வச்ச காசல் ஒண்ணு, அதைச் சுத்தித் திராட்சைக் கொடி. சனி ஞாயிறு ஆனா சிங்கப்பூர்க்காரன் காடி காடியா வந்து தங்குவான். திட்டம் பிரமாதம். படம்கூட வரைஞ்சு போன்ல வச்சிருக்கியாமே, காட்டு.

அடேங்கப்பா. கோபுரத்து மேல கொடியெல்லாம் பறக்குது. அந்தக் கொடியில என்ன மிருகம், சிங்கமா? நம்ம குடும்பத்துக்கு எங்கேருந்துப்பா சிங்கம் வந்துச்சு? உங்க தாத்தா தோள்ல கிடந்தது காண்டாக் கம்பும் ரெண்டு பால் வாளியும். அதைப் போடு. பால் வெட்டுற கத்தி ரெண்டு குறுக்கால, நடுவுல வாளி. உலகத்துல எந்தப் பிரபுவுக்கும் இல்லாத சின்னமா இருக்கும். வாளி ஓட்டையா இருந்தா இன்னும் உண்மையா இருக்கும்.

இடம் பொருத்தம் நல்லா இருக்கு, அதுல குறை சொல்ல மாட்டேன். ராஜாக்களே தேடி வந்த ஆத்தங்கரை, நம்ம கோத்தா திங்கி. மலாக்காவைப் பறங்கிக்காரன் பிடிச்ச பிறகு அங்கே ஆண்ட சுல்தான் வம்சம் இந்த ஜொகூர் ஆத்து ஓரமாத்தான் ஒவ்வொரு இடமாக் கோட்டை போட்டுச்சு. ஆத்தோட கீழே போனீன்னா ஜொகூர் லாமா. 1587ல போர்த்துகீசியன் கப்பல்ல வந்து அடிச்சு நொறுக்கி எரிச்சுட்டுப் போனான். இப்ப போனா மண் மேடும் ஒரு மியூசியமும் இருக்கு. நல்ல காத்து. பசங்களைக் கூட்டிட்டுப் போ, ஓடி விளையாடுவாங்க.

அப்புறம் கம்போங் மக்காம். நீ சின்னப் பிள்ளையா இருக்கும்போது அந்தப் பக்கம் மீன் பிடிக்கப் போவே. அங்கே அடங்கியிருக்கிறது சுல்தான் மஹ்மூத். தோட்டம் வச்சு விருந்தாளியைக் கூப்பிடப் போறவன் நீ, அதனால அவர் கதையை மட்டும் நல்லாக் கேட்டுக்கோ. அரண்மனைத் தோட்டத்துல பலா பழுத்திருக்கு. படைத் தலைவன் மெகாட் ஸ்ரீ ராமாவோட பொண்டாட்டி டாங் ஆனும் பிள்ளைத்தாச்சி. வாசம் பிடிச்சு ஆசைப்பட்டுக் கேட்டா, தோட்டக்காரனும் ஒரு சுளை குடுத்துட்டான். புருஷன் கடல்ல கொள்ளைக்காரனோட சண்டை போட்டுக்கிட்டிருக்கான். ராஜா திங்க வேண்டிய பழத்தை இவ எப்படித் தின்னலாம்னு அவ வயித்தைக் கிழிச்சுப் பார்த்தாங்களாம். மெகாட் திரும்பி வந்தான். 1699ல, வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பல்லக்குல ஏறிப் போன சுல்தானை அங்கேயே குத்திட்டான். வாரிசு இல்லை. மலாக்கா வம்சம் இந்த ஊர்ல ஒரு பலாச்சுளையில முடிஞ்சு, முதல் மந்திரியா இருந்த பெண்டஹாராதான் சுல்தான் ஆனார். சுளைக் கதையை மலாய்க்காரப் பெரியவங்க சொல்லுவாங்க, சுல்தான் குத்துப்பட்டது சரித்திரம். அதனால உன் தோட்டத்துல ஒரு சிங்கப்பூர்க்காரம்மா கொத்துத் திராட்சையைப் பறிச்சு வாயில போட்டுக்கிட்டா கண்டுக்காதே. அவ புருஷன் என்ன வேலை பார்க்கிறான்னு நமக்கு என்ன தெரியும்?

நம்ம நாட்டுல ஏற்கெனவே ஒருத்தர் இந்தக் காரியத்தைப் பண்ணிப் பார்த்துட்டார், மாப்பிள்ளை. நீ பிரான்ஸ் வரைக்கும் போயிட்டே, ஈப்போ வரைக்கும் போகல. கோப்பெங்குக்கும் பத்து காஜாவுக்கும் நடுவுல, ரோட்டிலேருந்தே தெரியும், கெல்லி கோட்டை. உட்காரு, இதைக் கொஞ்சம் நிதானமாச் சொல்லணும்.

வில்லியம் கெல்லி ஸ்மித்துன்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர். 1870ல பிறந்தவர். உன்னைப் போல வசதியான வேலையெல்லாம் கிடையாது, விவசாயக் குடும்பம். இருபது வயசுல மலாயாவுக்கு வந்தார். ஆல்மா பேக்கர்னு ஒருத்தர் பேராக்குல காடு திருத்துற கான்ட்ராக்ட் எடுத்திருந்தார், அவரோட சேர்ந்து சம்பாதிச்சு, கிந்தா பக்கம் ஆயிரம் ஏக்கர் காட்டை வாங்கினார். ரப்பர் போட்டார். ஈயத்துலயும் கை வச்சார். தோட்டத்துக்கு கிந்தா கெல்லாஸ்னு பேரு. கெல்லாஸ்ங்கிறது ஊர்ல அவங்க அப்பன் வீட்டுப் பண்ணை. பாரு, ஆயிரம் ஏக்கர் சம்பாதிச்சவன் பண்ணைப் பேரைத்தான் வச்சான். அஞ்சு ஏக்கர் வச்சிருக்கிற நீ பிரெஞ்சுப் பேரு தேடுறே.

முதல்ல ஒரு பங்களா கட்டினார். துரைக்கு அது போதும். ஆனா துரைக்குப் போதும்னு ஒண்ணு என்னைக்கு இருந்திருக்கு? 1904ல மகள் பிறந்தா. 1915ல மகன் பிறந்தான். வாரிசு வந்தாச்சு, வாரிசுக்கு ஒரு கோட்டை வேணும்ல? அதே வருஷம் வேலையை ஆரம்பிச்சார். மதராஸ்லேருந்து எழுபது கைவேலைக்காரங்களைக் கப்பல்ல கொண்டு வந்து இறக்கினார். செங்கல்லும் பளிங்கும்கூட இந்தியாவுலேருந்துதான். ஆறு மாடிக் கோபுரம். அதுக்கு ஒரு லிஃப்ட், அது மட்டும் வந்திருந்தா மலாயாவுலேயே முதல் லிஃப்ட்டுன்னு சொல்லுவாங்க. வீட்டுக்குள்ளயே டென்னிஸ் ஆட இடம். மொட்டை மாடியில விருந்து நடத்த ஒரு முற்றம். கீழே ஒயின் வைக்கிற நிலவறைன்னு ஒண்ணைக் காட்டுவாங்க, உனக்கு அது பிடிக்கும். வாசல் வளைவு ஒரு பக்கம் அரபு நாட்டுல இருக்கு, ஒரு பக்கம் மைசூர் அரண்மனையில இருக்கு. கட்டினது நம்ம ஆளுங்க, அவங்களுக்குத் தெரிஞ்ச வளைவைத்தானே வளைப்பாங்க.

வேலை நல்லாப் போய்க்கிட்டிருந்துச்சு. 1918ல ஸ்பானிஷ் ஃப்ளூ வந்துச்சு. நீ கொரோனாவைப் பார்த்தவன், உனக்கு விளக்க வேண்டாம். ஆனா அன்னைக்குத் தோட்டத்து ஆளுங்க லயத்துல, ஒரு அறைக்குள்ள குடும்பமே ஒண்டிக்கிட்டு இருந்த காலம். ஒருத்தனுக்குக் காய்ச்சல் வந்தா வரிசைக்கே வரும். கட்டுறவங்க ஒவ்வொருத்தரா விழ ஆரம்பிச்சாங்க. மிச்சம் இருந்தவங்க துரைகிட்ட போய் நின்னாங்க. என்ன கேட்டாங்க? சம்பளத்தைக் கூட்டிக் கேட்கல, ஊருக்கு அனுப்பச் சொல்லல. அம்மனுக்கு ஒரு கோயில் கட்டணும்னாங்க. துரை சரின்னுட்டார். கோட்டைக்குக் கொஞ்சம் தள்ளி மாரியம்மன் கோயில் எழும்பிச்சு. நோயும் தணிஞ்சுது. ஆளுங்களுக்கு துரை மேல ஒரு பிரியம் வந்து, சாமிங்களோட சாமியா அவருக்கும் ஒரு சிலை வச்சாங்க. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, தலையில தொப்பி. இன்னைக்கும் கோயில் மேல நிக்கிறார், போய்ப் பாரு. ஸ்காட்லாந்துல பிறந்து மாரியம்மனுக்குப் பக்கத்துல இடம் பிடிச்சவர் வேற யாரு இருக்கா?

கோட்டைக்கு என்ன ஆச்சு? ஆசை அடங்கலையே. 1926 டிசம்பர்ல ஐரோப்பாவுக்குப் போன இடத்துல, லிஸ்பன்ல, நிமோனியா வந்து செத்துப் போனார். லிஃப்ட்டை எடுத்து வரத்தான் போனார்னு ஒரு கதை உண்டு. அம்பத்தாறு வயசு. கோட்டை முடியல. பொண்டாட்டி ஆக்னஸ் திரும்பி வந்து கோபுரத்துல ஏறி உட்காருவான்னு நினைச்சியா? எல்லாத்தையும் ஹாரிசன்ஸ் அண்டு கிராஸ்ஃபீல்டு கம்பெனிக்கு வித்துட்டா. யாருக்காகக் கட்டினாரோ அந்த மகன் அந்த வீட்டுல ஒரு பொங்கல் சாப்பிடல. லிஃப்ட் போகிற குழி மட்டும் அப்படியே கிடக்கு. காடு மேல ஏறி, பிறகு காட்டை எடுத்து, இப்ப டிக்கெட் போட்டு உள்ளே விடுறாங்க. 1999ல ஒரு ஹாலிவுட் படத்துக்குக்கூட அங்கே படம் பிடிச்சாங்க. பேய் இருக்குன்னு ஒரு பேச்சு வேற. உன் வியாபாரத்துக்கு அது முக்கியம், குறிச்சுக்கோ. கோட்டையில ராஜா இல்லைன்னாலும் பரவாயில்லை, பேய் இருக்கணும். ராஜாவுக்குச் சம்பளம் குடுக்கணும், பேய்க்கு வேண்டாம்.

கவனிச்சியா மாப்பிள்ளை? நீ பார்த்துட்டு வந்த குடும்பம் நானூறு வருஷம் உள்ளேயே இருந்துச்சுன்னா, அதுக்கு அந்த ஊர்லயே பொறந்து அந்த ஊர்லயே சாகணும். துரைங்க இங்கே கட்டினது அந்த ஜாதிக் கோட்டை இல்லை. அவங்க இங்கே சம்பாதிச்சாங்க, அங்கே சாகலாம்னு நினைச்சாங்க, நடுவழியில செத்தாங்க. தங்கினது யாரு? அந்தக் கோயில்ல தீபம் காட்டுறவங்க. நீ என்னடான்னா தங்கினவங்க பேரப்பிள்ளையா பொறந்துட்டு, ஓடினவங்க வீட்டைப் பார்த்து ஏங்குறே.

சரி சரி, மூஞ்சியைத் தூக்காதே. ஒயின் விஷயத்துக்கு வர்றேன்.

திராட்சைங்கிறது கொஞ்சம் சோம்பேறிக் கொடி. வருஷத்துல சில மாசம் குளிர்ல இலையெல்லாம் கொட்டிட்டுத் தூங்கணும், எழுந்து வெயில் காயணும், பழுக்கிற நேரத்துல மழை கூடாது. கோத்தா திங்கியில அது எங்கே தூங்கும்? இங்கே மனுஷனுக்கே தூக்கம் கிடையாது, விடியக்காலையில பேர் கூப்பிடுற பெரட்டு. வடகிழக்குப் பருவ மழை ஒரு பக்கம், இல்லாத நாள்ல சாயங்கால மழை. இலையில பூஞ்சை வரும், பழம் வெடிக்கும், மிச்சத்தை வௌவால் திங்கும். தேனிப் பக்கம் கம்பம் பள்ளத்தாக்குல வெயில் ஊர்லயே திராட்சை போடுறாங்களேன்னு கேப்பே. போடுறாங்க, நல்ல பன்னீர் திராட்சை, 2023ல புவிசார் குறியீடு கூட வாங்கிட்டாங்க. ஆனா அது மலை மறைவுல இருக்கிற பள்ளத்தாக்கு. அதோட அவங்க கவாத்துக் கத்தியை வச்சுக் கொடியை வெட்டி வெட்டித்தான் காய்க்க வைக்கிறாங்க. நீ உன் தலைமுடியையே ரெண்டு மாசமா வெட்டல.

நிலவறை வேற தோண்டப் போறியாம். ஒயின் குளிர்ச்சியா இருக்கணும்ல. தோண்டு, நல்லா ஆழமாத் தோண்டு. 2006 டிசம்பர்ல இந்த ஊர்ல தண்ணி வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். வடிஞ்சு, சேத்தைக் கழுவி, பாயைக் காயப் போட்டோம். 2007 ஜனவரியில மறுபடியும் வந்துச்சு. ஜொகூர் முழுக்க லட்சம் பேருக்கு மேல வீட்டை விட்டுப் போனாங்க. அடுத்த தடவை வரும்போது உன் நிலவறையில இருக்கிற அத்தனை பாட்டிலையும் ஜொகூர் ஆறு ஒரே மூச்சுல குடிச்சுட்டுக் கடலுக்குப் போய்ச் சேரும். பில்லை யாருக்கு அனுப்புவே?

இன்னொண்ணு சொல்லட்டுமா? நானூறு வருஷக் கொடின்னு அந்தப் பெரியவர் தடவித் தடவிக் காட்டியிருப்பார். 1860கள்லேருந்து பிரான்சுல வேரைத் தின்னுற ஒரு பூச்சி வந்து திராட்சைத் தோட்டத்தையெல்லாம் மொட்டையடிச்சுச்சு. அமெரிக்காவுலேருந்து வேர்ச்செடி கொண்டு வந்து, அதுமேல தங்களோட கொடியை ஒட்டுக் கட்டித்தான் பிழைச்சாங்க. இன்னைக்கும் அப்படித்தான். கோட்டை பழசு, சீமான் பழசு, வேர் மட்டும் வெளியூரு. அடுத்த தடவை போகும்போது அவர்கிட்ட மெதுவாக் கேட்டுப் பாரு, அந்தக் கிளாஸைத் திரும்ப வாங்கிக்குவார்.

அந்தப் பூச்சி நாசம் பண்ணின ஊர்கள்ல ஒண்ணு பிராந்தி காய்ச்சுற கொன்யாக் வட்டாரம். அங்கே பார்பெசியூன்னு ஒரு ஊர்ல, பிராந்தி வியாபாரக் குடும்பத்துல, 1879ல ஒரு பிள்ளை பொறந்தான். ஆன்ரி ஃபோகொனியே. நீ ஆசைப்படுற எல்லாமே அவன் வீட்டு வாசல்ல இருந்துச்சு, திராட்சை, பீப்பாய், பெரிய வீடு. அவன் என்ன பண்ணினான்? எல்லாத்தையும் விட்டுட்டு 1905ல மலாயாவுக்குக் கப்பல் ஏறினான். சிலாங்கூர்ல காட்டைத் திருத்தி ரப்பர் போட்டான், நம்ம தமிழ் ஆளுங்களோட வேலை பார்த்தான். ஹல்லேன்னு ஒரு பெல்ஜியக்காரர் சுமத்ராவுல செம்பனை போட்டு வச்சிருந்தார், அந்த விதையை வாங்கி வந்து, 1917ல தென்னமரம் எஸ்டேட்டுல வியாபாரத்துக்குன்னு நட்டான். மலாயாவுல முதல் செம்பனைத் தோட்டம் அதுதான். அப்புறம் இந்த நாட்டைப் பத்தி ஒரு நாவல் எழுதி, 1930ல கொன்கூர் பரிசு வாங்கினான்.

அதாவது என்ன ஆச்சு? திராட்சைக்காரன் வீட்டுப் பிள்ளை திராட்சையை விட்டுட்டு வந்து செம்பனை நட்டான். செம்பனைக்காரன் வீட்டுப் பிள்ளை நீ, செம்பனையை வெட்டிட்டுத் திராட்சை நடப் போறே. அவனுக்குக் கிடைச்சது பரிசு. உனக்கு என்ன கிடைக்கும்னு நான் வாயால சொல்ல மாட்டேன், உங்க அத்தை காதுல விழும்.

உனக்கு மதுத் தோட்டம்தான் வேணும்னா, முட்டாளே, நீ ஏற்கெனவே அதுக்குள்ளதான் நிக்கிறே. செம்பனைக்குச் சொந்த ஊர் மேற்கு ஆப்பிரிக்கா. அங்கே இதே மரத்துல கள் இறக்குறாங்க. கானாவுல மரத்தைச் சாய்ச்சுப் போட்டே இறக்குவாங்க. எண்ணெய்க்குப் பழம், குடிக்கக் கள், ரெண்டும் ஒரே மரத்துல. பாளையில வேணாலும் சீவு, சாய்ச்சு வேணாலும் வடி. உன் கோட்டை வாசல்ல பளிங்குல எழுதிப் போடு, சொந்தத் தோட்டத்துல விளைஞ்சதுன்னு. சிங்கப்பூர்க்காரன் கண்ணை மூடி மோந்து பார்த்து, லேசாப் புளிப்பு, பின்னால ஒரு மண் வாசனைன்னு சொல்லுவான். போலீஸ்காரர் வந்து மோந்து பார்த்துட்டு உரிமம் எங்கேன்னு கேப்பார். ரெண்டு பேருக்கும் நீயே பதில் சொல்லிக்கோ.

கள்ளுன்னு சொன்னதும் மூக்கைச் சுளிக்கிறே பாரு. ஏன்டா, புளிச்ச திராட்சை சாறுன்னா கௌரவம், புளிச்ச பாளைச் சாறுன்னா கேவலமா? ஆனா நான் கள்ளுக்கு வக்காலத்து வாங்க வரல. தோட்டத்துல கள்ளுக்கடை எப்படி இருந்துச்சுன்னு உங்க தாத்தா சொல்லியிருப்பார். வேலை முடிஞ்சு வர்ற வழியிலேயே கடை. நிர்வாகத்தோட கண்ணுக்கு எதிரிலேயே நடக்கும். இந்தக் கையில குடுத்த சம்பளம் அந்தக் கையில திரும்பிடும். துரை பங்களாவுல விஸ்கி குடிச்சா அது ஓய்வு, லயத்துல கள் குடிச்சா அது குடிகார ஜாதி.

1941ல கிள்ளான் பக்கம் தோட்டத்து ஆளுங்க வேலைநிறுத்தம் பண்ணினாங்க, ஆர். எச். நாதன் தலைவர். அவங்க கேட்டதுல என்னென்ன இருந்துச்சு தெரியுமா? சீன ஆளுக்குக் குடுக்கிற கூலியைக் குடு. கள்ளுக்கடையை மூடு. அப்புறம் ஒண்ணு, துரையைப் பார்த்தா சைக்கிளை விட்டு இறங்கி நிக்கணும்ங்கிறதை எடுத்துடு. ஆமாம்டா. சொந்தக் காசுல சைக்கிள் வாங்கினாலும், துரை எதிர்ல வந்தா இறங்கிடணும். அதைக் கேட்டதுக்கு நாதனை நாடு கடத்தினாங்க. பட்டாளம் வந்துச்சு, ஆளுங்களைச் சுட்டாங்க. உலகச் சண்டை முடிஞ்ச பிறகு கெடாவுல தொண்டர் படைன்னு கிளம்பின பசங்க கள்ளுக்கடை வாசல்லேயே நின்னு மறிச்சாங்க. 1947ல பெடோங் பக்கம் அவங்க மேலயும் போலீஸ் பாய்ஞ்சுச்சு.

நான் ஏன் இதைச் சொல்றேன்னா, உன் கோட்டைக்குச் சட்டதிட்டம் எழுதணும்ல, முன்னாடியே யோசிச்சு வச்சுக்கோ. நம்ம பக்கத்துத் தோட்டத்துப் பொடியன் மோட்டார் சைக்கிள்ல வந்தா உன் வாசல்ல இறங்கித் தள்ளிக்கிட்டுப் போகணுமா, ஓட்டிக்கிட்டே போகலாமா? கோட்டைன்னா அதுக்கு உள்ளே ஒருத்தன், வெளியே நூறு பேரு. நீ உள்ளே இருக்கிறவன்னு முடிவு பண்ணிட்டே. வெளியே இருக்கப் போறவங்க யாரு? திராட்சைக்கு மருந்து அடிக்க வங்காளதேசத்துப் பசங்களைக் கூட்டி வருவே. அவங்களுக்கு எங்கே இடம் குடுப்பே, கோபுரத்துலயா? பின்னால தகரக் கொட்டகையிலதானே? அப்ப லயம் கட்டுறவன் நீதான் மாப்பிள்ளை, கொடியில சிங்கம் இருந்தாலும் வாளி இருந்தாலும்.

வெளிநாட்டுக் கோட்டையை இங்கே கட்டித்தான் ஆகணும்னா, அதையும் ஒருத்தர் செஞ்சுட்டார். பகாங்குல புக்கிட் திங்கிக்குப் போ. பிரான்சுல கோல்மார்னு ஒரு ஒயின் ஊர், அந்தத் தெருவையே கொண்டாந்து மலை மேல கட்டி வச்சிருக்காங்க. கோபுரம், கல்லுத் தெரு, எல்லாம் உண்டு. உனக்குப் போட்டி அது. அவங்ககிட்ட ஒரு மலையே இருக்கு. உன்கிட்ட ஒரு கிணறு இருக்கு.

இப்ப ஒரு நல்ல யோசனை சொல்றேன், சிரிக்காம கேளு. நீ பொறந்த தோட்டத்துல ஒரு வரிசை லயம் இன்னும் இடியாம நிக்குது. மரப் பலகை, தகரக் கூரை, முன்னால திண்ணை, பின்னால பொதுக் குழாய். அதுல ஒரு வீட்டைக் கேட்டு வாங்கு. ஒண்ணும் புதுசாப் பண்ணாதே. விடியுறதுக்கு முன்னால தண்டவாளத் துண்டைத் தட்டி சிங்கப்பூர்க்காரனை எழுப்பு. இருட்டுல பெரட்டுக்கு நிக்க வை. நான் தண்டலா வேஷம் போடுறேன், பழைய குடை ஒண்ணு இருக்கு. பேரைக் கூப்பிட்டு, நேத்து ஏன் அரை நாள் வேலைன்னு ஒரு கிழி கிழிக்கிறேன். கையில கத்தி, தலையில விளக்கு, அட்டை கடிக்க அஞ்சு ரப்பர் மரத்துல பால் வெட்டட்டும். காலையில கருவாட்டுக் குழம்பு, கட்டாந்தரையில படுக்கை. ராத்திரிக்கு நூத்தம்பது வெள்ளி வாங்கு. பணம் உள்ளவனுக்குக் கஷ்டத்தைக் காசு குடுத்து வாங்குறதுல ஒரு சுகம். இது நம்ம சொந்தச் சரக்கு, வேர்ச்செடிகூட வெளியூர் இல்லை. சரி, அதுவும் மதராஸ்லேருந்து வந்த வேர்தான், அதை அந்தப் பெரியவர்கிட்ட சொல்லித் தொலைக்காதே.

என்ன, பேச்சைக் காணோம்? கணக்குப் போடுறியா? போடு. செம்பனை நட்ட மூணாவது வருஷத்துலேருந்து பழம் தருது. பத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஒரு வெட்டு. விலை ஏறும், இறங்கும், ஆனா லாரி வரும். நம்ம மரத்துக்குப் பதினஞ்சு வயசுதான் ஆகுது. இருபத்தஞ்சு வரைக்கும் தாங்கும், அதுக்கு மேல உசரம் போயிடும், அரிவாள் எட்டாது, அப்ப வெட்டிட்டு மறுநடவு. இன்னும் பத்து வருஷம் அது சோறு போடும். நீ மாசம் ஒரு தடவை வந்து உதிரிப் பழத்தைக் குனிஞ்சு பொறுக்கினாலே உன் ஜிம்முக்குக் கட்டுற காசு மிச்சம்.

பத்து வருஷம் கழிச்சும் உனக்குக் கோட்டை ஆசை இருந்தா, அப்ப நான் உயிரோட இருந்தா, முதல் கல்லை நானே தூக்கித் தர்றேன். அதுக்கு முன்னால அடுத்த லீவுல பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு பத்து காஜாவுக்குப் போய்ட்டு வா. கோட்டைக்கு டிக்கெட் எடு, கோபுரத்துல ஏறு, போட்டோ பிடி. இறங்கினதும் கோயிலுக்குப் போ. தேங்காய் உடைச்சுட்டு மேலே நிமிர்ந்து துரையைப் பாரு. அந்த எழுபது பேர்ல ஒருத்தர் பேரையாவது யாராச்சும் சொன்னா எனக்கு வந்து சொல்லு. நான் இதுவரைக்கும் கேட்டதில்லை.

அப்புறம் மாப்பிள்ளை, பேங்குக்குக் கடன் கேக்கப் போறதுக்கு முன்னால இதையும் தெரிஞ்சுக்கோ. நேத்து போன்லயே உங்க அம்மா தீர்மானமாச் சொல்லிட்டா, எதுலயும் கையெழுத்துப் போட மாட்டாளாம். நிலத்தோட கிராண்ட் அவ பேர்லதான் இருக்கு.